ஒரே சுரங்கம், இரண்டு புகைபோக்கி: குளிர்ந்த மெத்தனால் சொல்லும் கணக்கு

அமெரிக்காவின் நார்த் டகோட்டா மாநிலத்தில் பியூலா என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. ஊருக்கு வெளியே ஃப்ரீடம் என்ற பழுப்பு நிலக்கரிச் சுரங்கம். அங்கே வெட்டிய கரியை நொறுக்கிச் சலித்ததும் அது இரண்டு வழியாகப் பிரிகிறது. கட்டி கட்டியாக இருப்பது கிரேட் பிளெயின்ஸ் செயற்கை எரிவாயு ஆலைக்குப் போகிறது. அந்த ஆலைக்கு ஆகாத பொடி, பக்கத்திலேயே நிற்கும் ஆன்டிலோப் வேலி அனல்மின் நிலையத்துக்குப் போகிறது. மின் நிலையத்தை நடத்துவது பேசின் எலக்ட்ரிக் என்ற மின்சாரக் கூட்டுறவு. எரிவாயு ஆலையை நடத்துவது அதன் துணை நிறுவனமான டகோட்டா கேசிஃபிகேஷன்.

கட்டிக் கரியிலிருந்து வரும் கார்பன் டை ஆக்சைடில் ஒரு பெரும்பகுதி 2000 ஆம் ஆண்டு முதல் குழாயில் ஏறி 330 கிலோமீட்டர் பயணம் செய்து, கனடாவின் எல்லைக்குள் போய், ஒரு பழைய எண்ணெய் வயலில் பூமிக்கடியில் இறங்குகிறது. பொடிக் கரியிலிருந்து வருவது புகைபோக்கி வழியாக வானத்துக்குப் போகிறது.

ஒரே கரி, ஒரே இடம், ஒரே முதலாளி. ஒன்று பிடிபட்டது, இன்னொன்று தப்பித்தது. ஏன்? இந்த ஒரு கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்லிவிட்டால், இயற்பியல் கரைப்பான்களைப் (வினைபுரியாமல் வாயுவைக் கரைத்து மட்டும் வைத்துக்கொள்ளும் திரவங்களை) பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதில் முக்கால்வாசி தெரிந்துவிடும். அதனால்தான் ஆய்வுக்கு இந்த இடத்தை எடுத்துக்கொண்டேன். கார்பன் பிடிப்பு என்றதும் பேச்சு நேராக அமீன் கரைசலுக்குப் போய்விடுகிறது. பல பத்தாண்டுகளாகச் சத்தமில்லாமல் பெரிய அளவில் வேலை செய்துவரும் இன்னொரு வழியைப் பலரும் கண்டுகொள்வதில்லை.

கரைவதும் பிணைவதும்

கார்பன் டை ஆக்சைடைத் திரவத்தில் பிடிக்க இரண்டு வழிகள் உண்டு. முதலாவது வேதிக் கரைப்பான். மோனோ எத்தனால் அமீன் போன்ற ஒரு அமீனைத் தண்ணீரில் கலந்து வாயுவோடு உரசவிட்டால், அமீன் மூலக்கூறு கார்பன் டை ஆக்சைடோடு வினைபுரிந்து அதைப் பிணைத்துக்கொள்ளும். வாயுவில் கார்பன் டை ஆக்சைடு கொஞ்சமாக இருந்தாலும் பிடித்துவிடும். ஆனால் பிடித்ததை விடுவிக்க அந்தப் பிணைப்பை உடைக்க வேண்டும், அதற்கு வெப்பம் வேண்டும். சாதாரண மோனோ எத்தனால் அமீன் அமைப்பில் ஒரு டன் கார்பன் டை ஆக்சைடைப் பிரித்தெடுக்க 3.5 முதல் 4 கிகாஜூல் வரை நீராவி வெப்பம் செலவாகும். மின் நிலையத்தில் அந்த நீராவி டர்பைனுக்குப் போக வேண்டிய நீராவி. அதுதான் வலி.

இரண்டாவது இயற்பியல் கரைப்பான். இங்கே வினை எதுவும் நடப்பதில்லை. வாயு சும்மா கரைகிறது, அவ்வளவுதான். எவ்வளவு கரையும் என்பதை 1803 இல் வில்லியம் ஹென்றி சொல்லிவிட்டுப் போனார்: திரவத்துக்கு மேலே அந்த வாயுவின் பகுதி அழுத்தம் (கலவையின் மொத்த அழுத்தத்தில் அந்த வாயுவின் பங்கு) எவ்வளவோ, அதற்கு நேர் விகிதத்தில் கரையும். அழுத்தத்தை இரட்டித்தால் கரைவதும் இரட்டிக்கும். அழுத்தத்தைக் குறைத்தால் கரைந்தது தானாகவே குமிழி விட்டு வெளியே வரும். பிணைப்பு இல்லாததால் உடைக்க எதுவும் இல்லை. அமீனோடு சேரும்போது வெளியாகும் வெப்பம் ஒரு மோலுக்கு 80 கிலோஜூலைத் தாண்டும். இயற்பியல் கரைப்பானில் அது 20 கிலோஜூலுக்கும் கீழே.

தொழிலில் புழங்கும் பெயர்கள் நான்கு. குளிர்ந்த மெத்தனாலை வைத்து லூர்கி, லிண்டே என்ற ஜெர்மன் நிறுவனங்கள் உருவாக்கிய ரெக்டிசால். பாலிஎத்திலீன் கிளைக்காலின் டைமெத்தில் ஈதர்களைக் கொண்ட செலெக்சால். என்-மெத்தில் பைரோலிடோனைப் பயன்படுத்தும் பியூரிசால். புரொப்பிலீன் கார்பனேட்டைப் பயன்படுத்தும் ஃப்ளூர் கரைப்பான். இதில் எதுவும் புதிதல்ல. ரெக்டிசாலை 1950-களிலேயே தென்னாப்பிரிக்காவின் சசோல்பர்க்கில் கரியிலிருந்து எரிபொருள் செய்யும் ஆலையில் ஓடவிட்டார்கள். அப்போது பருவநிலை மாற்றம் யாருடைய கவலையாகவும் இல்லை. வாயுவைச் சுத்தம் செய்ய வேண்டியிருந்தது, செய்தார்கள்.

தாளில் போடும் சின்னக் கணக்கு

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று ஒரு கணக்குப் போட்டுவிடலாம். கடினமே இல்லை, பெருக்கல் வகுத்தல்தான். ஆனால் முழு விஷயமும் இதில்தான் அடங்கியிருக்கிறது.

25 டிகிரி செல்சியஸில், கார்பன் டை ஆக்சைடின் பகுதி அழுத்தம் 1 பாராக இருக்கும்போது, ஒரு லிட்டர் செலெக்சால் ஏறக்குறைய 3.6 லிட்டர் கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொள்ளும். அதே வெப்பநிலையில் புரொப்பிலீன் கார்பனேட், என்-மெத்தில் பைரோலிடோன், மெத்தனால் எல்லாமே 3-க்கும் 4-க்கும் நடுவில்தான் நிற்கின்றன. இது முதன்முதலில் அட்டவணையில் கண்ணில் பட்டபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. எந்தக் கரைப்பான் சிறந்தது என்று இவ்வளவு விவாதம் நடக்கிறதே, எண்கள் இப்படி ஒட்டி நிற்கின்றனவே என்று.

சரி, இப்போது ஆன்டிலோப் வேலி மாதிரியான ஒரு நிலையத்தின் புகையை எடுத்துக்கொள்வோம். கரி எரிந்த புகையில் கார்பன் டை ஆக்சைடு 13 சதவீதம் என்று வைப்போம். மொத்த அழுத்தம் காற்றழுத்தம்தான், 1 பார். ஆக, பகுதி அழுத்தம் 0.13 பார். ஒரு லிட்டர் செலெக்சாலில் கரைவது அரை லிட்டருக்கும் குறைவான வாயு, எடையில் ஒரு கிராமுக்கும் குறைவு. ஒரு டன் பிடிக்க 1,000 கன மீட்டருக்கு மேல் கரைப்பான் சுற்ற வேண்டும்.

ஆன்டிலோப் வேலியில் 450 மெகாவாட் கொண்ட அலகுகள் இரண்டு. பழுப்பு நிலக்கரி எரிக்கும் நிலையம் ஒரு மெகாவாட் மணிநேரத்துக்குச் சுமார் ஒரு டன் கார்பன் டை ஆக்சைடு வெளியிடும். ஒரே ஒரு அலகின் புகையைச் சுத்தம் செய்ய மணிக்கு 450 டன். அப்படியானால் நொடிக்கு 120 கன மீட்டருக்கு மேல் கரைப்பான் கோபுரத்தில் மேலிருந்து கொட்ட வேண்டும். அது ஆலைக்குள் ஓடும் குழாய் இல்லை, ஆறு.

அடுத்து பக்கத்து எரிவாயு ஆலைக்குப் போவோம். கிரேட் பிளெயின்ஸ் ஆலையில் வாயு சுமார் 30 பார் அழுத்தத்தில் வருகிறது. அதில் கார்பன் டை ஆக்சைடு மூன்றில் ஒரு பங்கு. பகுதி அழுத்தம் கிட்டத்தட்ட 10 பார். அதே லிட்டர் செலெக்சால் இப்போது 36 லிட்டர் வாயுவைக் கரைக்கும், எடையில் 65 கிராமுக்கு மேல். ஒரு டன்னுக்கு 15 கன மீட்டர் போதும். ஒப்பிட்டுப் பார்க்க, 30 சதவீத மோனோ எத்தனால் அமீன் கரைசல் ஒரு சுற்றில் லிட்டருக்குச் சுமார் 50 கிராம் சுமக்கும். அதாவது 10 பாரில் இயற்பியல் கரைப்பான் அமீனை முந்திவிட்டது. அதுவும் பெரிதாக நீராவி கேட்காமல்.

"அப்படியானால் மின் நிலையத்தின் புகையை அழுத்திவிட வேண்டியதுதானே?" என்று கேட்கத் தோன்றும். பகுதி அழுத்தம் 10 பார் வேண்டுமானால் மொத்தப் புகையையும் 70 பாருக்கு மேல் அழுத்த வேண்டும். அந்தப் புகையில் பெரும்பங்கு நைட்ரஜன். வேண்டாத நைட்ரஜனை அழுத்துவதற்கே நிலையம் செய்யும் மின்சாரத்தில் பெரும்பகுதி போய்விடும். இதனால்தான் எரித்த பிறகு வரும் புகையில் இயற்பியல் கரைப்பான் நிற்பதில்லை. கரைப்பானில் ஒரு குறையும் இல்லை. வாசலுக்கு வரும் வாயு மெலிந்து வருகிறது.

ஆலை எப்படி வந்தது

1973 இல் எண்ணெய்த் தடை வந்தபோது அமெரிக்கா ஆடிப்போனது. இயற்கை எரிவாயுவும் தீர்ந்துவிடும் என்ற பயம் பரவியது. கரியிலிருந்து மீத்தேன் செய்யலாம் என்ற திட்டம் அப்படிப் பிறந்தது. ஐந்து நிறுவனங்கள் சேர்ந்து, அரசின் கடன் உத்தரவாதத்தோடு, 200 கோடி டாலருக்கு மேல் செலவழித்து ஆலையைக் கட்டின. 1984 இல் முதல் எரிவாயு குழாயில் ஏறியது. அதற்குள் எரிசக்தி விலை சரியத் தொடங்கியிருந்தது. 1985 ஆகஸ்டில் அந்தக் கூட்டணி கடனைக் கட்ட முடியாமல் கைவிட்டது. ஆலை எரிசக்தித் துறையின் கைக்குப் போனது. 1988 இல் பேசின் எலக்ட்ரிக் வாங்கியது.

14 லூர்கி வாயுவாக்கிகள் அங்கே நிற்கின்றன. மேலிருந்து கரி இறங்கும். கீழிருந்து நீராவியும் தூய ஆக்சிஜனும் ஏறும். இந்த வகை வாயுவாக்கியில் கரிப் படுக்கை வழியே வாயு ஊடுருவி வர வேண்டும் என்பதால் கட்டிக் கரிதான் ஆகும், பொடி அடைத்துக்கொள்ளும். பொடி பக்கத்து வீட்டுக்குப் போவதற்குக் காரணம் இதுதான். கரி முழுசாக எரிவதில்லை. அழுத்தத்தில் அரைகுறையாக வினைபுரிந்து கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன், மீத்தேன், கார்பன் டை ஆக்சைடு, கொஞ்சம் ஹைட்ரஜன் சல்பைடு, தார், நாப்தா என்று ஒரு கலவையாக வெளியே வரும். கடைசியில் நிக்கல் வினையூக்கியின் மேல் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் சேர்ந்து மீத்தேன் ஆகும்.

அந்த நிக்கல்தான் கதையின் முக்கியமான இடம். கந்தகம் ஒரு துளி பட்டாலும் நிக்கல் கெட்டுவிடும். கந்தகத்தைத் துளிகூட விடாமல் கழுவ ரெக்டிசால் வைத்தார்கள். எரிவாயுவைக் குழாயில் விற்க வேண்டுமென்றால் அதில் கார்பன் டை ஆக்சைடும் இருக்கக் கூடாது. அதையும் அதே மெத்தனால் கழுவியது. வினையூக்கியைக் காப்பாற்றவும் சரக்கை விற்கவும் செய்த வேலை அது. கார்பன் பிடிப்பு என்ற பெயரே அப்போது யார் வாயிலும் இல்லை. பிரித்தெடுத்த கார்பன் டை ஆக்சைடை 16 ஆண்டுகள் காற்றில்தான் விட்டார்கள்.

மெத்தனாலோடு ஒரு சுற்று

ரெக்டிசால் அலகுக்குள் மெத்தனால் எப்படிச் சுற்றுகிறது என்று பார்த்தால்தான் அதன் அழகு தெரியும்.

உள்ளே வரும் வாயுவில் நீராவி இருக்கிறது. அதை அப்படியே பூஜ்யத்துக்குக் கீழே குளிர்வித்தால் குழாயெல்லாம் பனிக்கட்டி. அதனால் முதலில் கொஞ்சம் மெத்தனாலைத் தெளிக்கிறார்கள். மெத்தனால் கலந்த தண்ணீர் உறையாது. அடுத்து ஒரு முன்கழுவல், நாப்தாவும் சயனைடும் அதில் போய்விடும். அப்புறம் பெரிய உறிஞ்சு கோபுரம். கீழிருந்து வாயு ஏறுகிறது, மேலிருந்து குளிர்ந்த மெத்தனால் இறங்குகிறது. ரெக்டிசால் அலகுகள் பொதுவாக மைனஸ் 40 முதல் மைனஸ் 60 டிகிரி வரை ஓடும்.

ஏன் இவ்வளவு குளிர்? காரணம் இரண்டு. மெத்தனால் எளிதில் ஆவியாகிவிடும். அறை வெப்பநிலையில் ஓடவிட்டால் வாயுவோடு சேர்ந்து கரைப்பானும் போய்விடும். குளிரில் அந்த இழப்பு சுருங்குகிறது. இரண்டாவது காரணம் இன்னும் சுவையானது. 25 டிகிரியில் மெத்தனால் தன் கொள்ளளவைப் போல மூன்று மடங்குக்குச் சற்று மேல் கார்பன் டை ஆக்சைடைக் கரைக்கும் என்றோம். மைனஸ் 25 டிகிரிக்குப் போனால் அது 14 மடங்கு. இன்னும் கீழே போகப் போக இன்னும் ஏறும். மேலே சொன்ன கணக்கில் இதைப் போட்டால், மைனஸ் 25 டிகிரியில் ஒரு டன்னுக்கு நான்கு கன மீட்டர் மெத்தனால் போதும். பம்ப் சிறிதாகிறது, கோபுரம் சிறிதாகிறது, சுற்றும் திரவம் குறைகிறது.

செலெக்சாலால் இந்த ஆழத்துக்கு வர முடியாது. குளிரக் குளிர அது கெட்டியாகிவிடும். கெட்டித் திரவத்துக்குள் வாயு மெதுவாகத்தான் நுழையும். மெத்தனால் அந்தக் குளிரிலும் தண்ணீர் போல ஓடும். அதே சமயம் செலெக்சால் கிட்டத்தட்ட ஆவியாவதே இல்லை, அறை வெப்பநிலையிலேயே வேலை செய்யும், பெரிய குளிர்பதன அமைப்பு தேவையில்லை. ஒன்றின் பலம் மற்றொன்றின் குறை. தூய்மை மிக மிக வேண்டுமென்றால் ரெக்டிசால், எளிமை வேண்டுமென்றால் செலெக்சால் என்று பொறியாளர்கள் பிரித்துக்கொள்வது இதனால்தான்.

மெத்தனால் கார்பன் டை ஆக்சைடைக் கரைக்கும்போது சூடாகிறது. கோபுரத்தின் அடிக்கு வரும்போது அதில் நிறைய வாயு கரைந்திருக்கும். அதை முதலில் நடுத்தர அழுத்தத்துக்கு இறக்குகிறார்கள். அங்கே முதலில் வெளியே வருவது தவறிப்போய்க் கரைந்த ஹைட்ரஜனும் கார்பன் மோனாக்சைடும் மீத்தேனும். விற்பனைச் சரக்கு அல்லவா, அதை அழுத்தித் திரும்பக் கோபுரத்துக்கே அனுப்பிவிடுவார்கள். ஹைட்ரஜன் கார்பன் டை ஆக்சைடைப் போல நூற்றில் ஒரு பங்குகூட மெத்தனாலில் கரையாது என்பதால் இழப்பு சிறிது. ஆனால் மீத்தேன் கொஞ்சம் அதிகமாகவே கரையும், அதனால் இந்தப் படி முக்கியம்.

பிறகு அழுத்தத்தை இன்னும் இறக்குகிறார்கள். கார்பன் டை ஆக்சைடு பொங்கி வெளியேறுகிறது. வெளியேறும்போது வெப்பத்தை எடுத்துக்கொண்டு போவதால் மெத்தனால் தானாகவே மறுபடி குளிர்ந்துவிடுகிறது. கரையும்போது ஏறிய சூடு, பிரியும்போது இறங்குகிறது. குளிர்பதன இயந்திரத்தின் வேலையில் ஒரு நல்ல பங்கைக் கரைந்த வாயுவே செய்துகொடுக்கிறது. இந்தச் சுழற்சியை வடிவமைத்தவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் மதிப்பு கூடுகிறது.

மிச்சம் ஒட்டிக்கொண்டிருக்கும் கந்தக வாயுவை விரட்ட மட்டும் ஒரு பகுதி மெத்தனாலைக் கொதிக்க வைக்கிறார்கள். வெப்பமே தேவையில்லை என்று சிலர் எழுதுவது மிகை. தேவை மிகக் குறைவு என்பதுதான் சரி.

காற்றில் போனது சரக்கானது

எல்லைக்கு அப்பால் கனடாவின் சஸ்காட்செவன் மாகாணத்தில் வேய்பர்ன் எண்ணெய் வயல் இருக்கிறது. 1954 இல் கண்டுபிடித்தது. பல பத்தாண்டுகள் எண்ணெய் எடுத்து, தண்ணீர் செலுத்தியும் எடுத்து, உற்பத்தி தேய்ந்துகொண்டிருந்தது. கார்பன் டை ஆக்சைடைச் செலுத்தினால் அது எண்ணெயில் கரைந்து, எண்ணெயை உப்பவைத்து, இளக்கி, கிணற்றுப் பக்கம் தள்ளும். வயலை நடத்தியவர்களுக்கு வாயு வேண்டும், பியூலாவில் வாயு வீணாகிறது. 330 கிலோமீட்டர் குழாய் போட்டார்கள். 2000 ஆம் ஆண்டில் வாயு பாயத் தொடங்கியது. முதலில் நாளொன்றுக்கு 5,000 டன் அளவில்.

இங்கே ரெக்டிசாலின் இரண்டு பக்கவிளைவுகள் கைகொடுத்தன. முதலாவது, குளிர்ந்த மெத்தனாலில் கழுவி வந்த வாயுவில் ஈரமே இருக்காது. கார்பன் டை ஆக்சைடும் தண்ணீரும் சேர்ந்தால் அமிலமாகி எஃகை அரிக்கும். ஈரம் இல்லாததால் தனி உலர்த்தி வைக்காமல் சாதாரண கார்பன் எஃகுக் குழாயே போதுமானது. இரண்டாவது, அந்த வாயு சுமார் 95 சதவீதம்தான் கார்பன் டை ஆக்சைடு. மீதியில் ஒரு சதவீத அளவுக்கு ஹைட்ரஜன் சல்பைடு, கொஞ்சம் ஹைட்ரோகார்பன். எண்ணெய் வயலுக்கு இது குறையாகத் தெரியவில்லை. ஹைட்ரஜன் சல்பைடு இருந்தால் வாயு எண்ணெயோடு இன்னும் எளிதாகக் கலக்கும்.

ஆனால் ஒரு சதவீதம் ஹைட்ரஜன் சல்பைடு என்பதைப் படித்துவிட்டு அப்படியே நகர்ந்துவிடக் கூடாது. அது உயிரைப் பறிக்கும் அளவு. குழாய் எங்காவது உடைந்தால் கார்பன் டை ஆக்சைடின் மூச்சுத்திணறலோடு இந்த நஞ்சும் சேரும். மக்கள் நெருக்கமாக வாழும் பகுதி வழியாக இதே கலவையைக் கொண்டுபோகலாமா என்று கேட்டால், கூடாது என்றுதான் சொல்வேன்.

இன்னொரு செலவும் உண்டு. அழுத்தத்தைக் குறைத்துத்தான் வாயுவைப் பிரிக்கிறோம். பிரிந்த வாயு காற்றழுத்தத்துக்கு அருகில் வந்து நிற்கிறது. குழாயில் அனுப்ப அதை மறுபடி 150 பாருக்கு மேல் அழுத்த வேண்டும். இயற்பியல் கரைப்பானின் உண்மையான மின்கட்டணம் கம்ப்ரசரில்தான் வரும். ஒரே தடவையில் அழுத்தத்தை இறக்காமல் படிப்படியாக இறக்கினால், ஒரு பகுதி வாயுவையாவது உயரமான அழுத்தத்திலேயே எடுத்துக்கொள்ளலாம், கம்ப்ரசரின் சுமை குறையும். புது ஆலை வடிவமைப்பவர்கள் அதிகம் மண்டையை உடைத்துக்கொள்வது இந்தப் படிகளை எங்கே வைப்பது என்பதில்தான்.

பூமிக்குள் போனது அங்கேயே இருக்கிறதா? 2000 முதல் 2012 வரை சர்வதேச எரிசக்தி முகமையின் பசுங்குடில் வாயு ஆய்வுத் திட்டத்தின் கீழ் வேய்பர்ன், மிடேல் வயல்களை விஞ்ஞானிகள் தொடர்ந்து கண்காணித்தார்கள். 2011 இல் ஒரு பண்ணைக் குடும்பம் தங்கள் நிலத்தில் வாயு கசிகிறது என்று புகார் சொன்னபோது உலகம் முழுக்கச் செய்தியானது. தனி ஆய்வு நடந்தது. மண்ணில் இருந்த கார்பன் டை ஆக்சைடு இயற்கையானது, வயலிலிருந்து வந்ததல்ல என்று அந்த ஆய்வு முடிவு சொன்னது. புகாரை அலட்சியம் செய்யாமல் ஐசோடோப்பு வரைக்கும் போய்ப் பார்த்தது நல்லது. இந்த மாதிரித் திட்டத்துக்கு அக்கம்பக்கத்தாரின் நம்பிக்கை குழாயைவிட முக்கியம்.

இதுவரை இந்த ஆலையிலிருந்து பிடித்து அனுப்பியது 4 கோடி டன்னைத் தாண்டிவிட்டது. உலகில் வெகு சில திட்டங்களே இந்த அளவை எட்டியிருக்கின்றன.

இதைப் பாராட்டும்போதே மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ஆலையின் எல்லா வெளியேற்றமும் பிடிபடுவதில்லை, கொதிகலன்களின் புகை தனியே போகிறது. விற்ற மீத்தேன் யாரோ ஒருவரின் அடுப்பில் எரிந்து கார்பன் டை ஆக்சைடாகிறது. செலுத்திய வாயு வெளியே தள்ளிய எண்ணெயும் எங்கோ எரிகிறது. பிடிப்பின் எண்ணிக்கையை மட்டும் சொல்லி இதைப் பருவநிலைச் சாதனை என்று விளம்பரம் செய்தால் அது பாதிக் கணக்கு.

கெம்பர்: அதே கொள்கை, வேறு முடிவு

ஒரு வெற்றியை மட்டும் வைத்து ஆய்வு செய்வது நேர்மையாகாது. மிசிசிப்பி மாநிலத்தின் கெம்பர் கவுண்டியில் 582 மெகாவாட் திறனில் ஒரு மின் நிலையம் திட்டமிட்டார்கள். பழுப்பு நிலக்கரியை வாயுவாக்கி, செலெக்சாலில் கழுவி, கார்பன் டை ஆக்சைடில் 65 சதவீதத்தைப் பிடித்து, மிச்ச வாயுவை டர்பைனில் எரிப்பது. 300 கோடி டாலருக்குள் முடியும் என்று தொடங்கியது 750 கோடி டாலரைத் தொட்டது. 2017 ஜூனில் வாயுவாக்கும் பகுதியை நிறுத்திவிட்டு, சாதாரண இயற்கை எரிவாயு நிலையமாக ஓடவிட்டார்கள். 2021 அக்டோபரில் வாயுவாக்கிக் கட்டடத்தை வெடிவைத்துத் தகர்த்தார்கள்.

இதைச் சொல்லி இயற்பியல் கரைப்பான் தோற்றுவிட்டது என்று வாதிடுபவர்கள் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. திட்டத்தை இழுத்தடித்தது புது வகை வாயுவாக்கியும், சாம்பல் வெளியேற்றமும், நீராவிக் குழாய்க் கசிவும். இதற்கு நடுவில் பாறையிலிருந்து எடுத்த இயற்கை எரிவாயு மலிந்துவிட்டது. கரியை வாயுவாக்கும் செலவை மின் கட்டணம் தாங்கவில்லை. செலெக்சாலுக்கு வேண்டிய அழுத்தத்தைக் கொடுக்க வேண்டிய பகுதியே நிற்கவில்லை என்றால் செலெக்சால் என்ன செய்யும்?

டெக்சாஸின் செஞ்சுரி ஆலை இன்னொரு பாடம். அங்கே வாயுவாக்கி எதுவும் இல்லை. பூமியிலிருந்து வரும் இயற்கை எரிவாயுவிலேயே கார்பன் டை ஆக்சைடு 60 சதவீதத்துக்கு மேல். அழுத்தமும் இருக்கிறது, அடர்த்தியும் இருக்கிறது. செலெக்சாலுக்கு இதைவிட நல்ல வாசல் கிடைக்காது. ஆண்டுக்கு 84 லட்சம் டன் திறனில் 2010 இல் தொடங்கிக் கட்டினார்கள். ஆனால் எரிவாயு விலை விழுந்ததும் அந்தக் கிணறுகளைத் தோண்டுவது கட்டுப்படியாகவில்லை. உள்ளே வாயு வரவில்லை, ஆலை முழுத் திறனில் ஓடவே இல்லை.

மூன்று இடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: அந்த அழுத்தத்துக்கு யார் காசு கொடுத்தார்கள்? கிரேட் பிளெயின்ஸில் எரிவாயு விற்பனைக்காக அழுத்தமும், வினையூக்கிக்காகக் கழுவலும் ஏற்கெனவே இருந்தன. ஆலையைக் கட்டிய கடனையும் முதல் கூட்டணியும் அரசும் சுமந்துவிட்டன. கார்பன் பிடிப்பின் கணக்கில் எழுத வேண்டியிருந்தது கம்ப்ரசரும் குழாயும் மட்டும். கெம்பரில் வாயுவாக்கி, கழுவல், குழாய் எல்லாவற்றையும் மின்சாரம் வாங்குபவர் தலையில் ஏற்றப் பார்த்தார்கள். செஞ்சுரியில் இயற்கையே அழுத்தம் கொடுத்தது, சந்தை அதைத் திருப்பி வாங்கிக்கொண்டது.

இதை வைத்துப் பார்த்தால் இயற்பியல் கரைப்பானை எங்கே தேடலாம் என்பது தெளிவு. அம்மோனியாவுக்கோ மெத்தனாலுக்கோ ஹைட்ரஜன் செய்யும் ஆலைகள், எண்ணெய்ச் சுத்திகரிப்பின் கடைக்கசடான பெட்ரோலியக் கோக்கை வாயுவாக்கும் ஆலைகள், கார்பன் டை ஆக்சைடு மிகுந்த எரிவாயு வயல்கள். அமெரிக்காவின் கேன்சஸில் காஃபிவில் என்ற ஊரில் பெட்ரோலியக் கோக்கிலிருந்து உரம் செய்யும் ஆலை ஒன்று, செலெக்சாலில் பிரித்த கார்பன் டை ஆக்சைடை 2013 முதல் ஓக்லஹோமா எண்ணெய் வயலுக்கு அனுப்பியது. அங்கேயும் உரத்துக்காகப் பிரித்ததுதான், பிடிப்புக்காக அல்ல. சிமென்ட் சூளையின் புகையையோ மின் நிலையத்தின் புகையையோ கொண்டுவந்து "செலெக்சால் போடலாமா" என்று கேட்டால், மேலே போட்ட கணக்கைத்தான் திரும்ப எடுத்துக் காட்ட வேண்டியிருக்கும்.

மறுபடி பியூலாவுக்கு

ஆன்டிலோப் வேலியை பேசின் எலக்ட்ரிக் மறந்துவிடவில்லை. 2008 வாக்கில் அங்கே 120 மெகாவாட் அளவுக்கான புகையை மட்டும் தனியே பிரித்து, கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்கும் திட்டம் ஒன்றைத் தொடங்கினார்கள். குழாய் பக்கத்திலேயே இருக்கிறது, வாங்குபவர் இருக்கிறார், அனுபவமுள்ள ஆட்கள் இருக்கிறார்கள். இதைவிடச் சாதகமான இடம் கிடைப்பது அரிது. ஆனால் புகை மெலிந்த புகை. பக்கத்து ஆலையின் மெத்தனால் இதற்கு உதவாது, வேதிக் கரைப்பான்தான் வேண்டும். செலவைக் கூட்டிப் பார்த்தார்கள். கார்பனுக்கு விலையோ கட்டாயமோ சட்டத்தில் இல்லை. 2010 டிசம்பரில் திட்டத்தைக் கிடப்பில் போட்டார்கள்.

எரிவாயு ஆலையில் கதை நகர்ந்துகொண்டே இருக்கிறது. செயற்கை எரிவாயுவை மட்டும் நம்பி ஓட முடியாது என்று 2018 இல் யூரியா உற்பத்தியைத் தொடங்கினார்கள், பிடித்த கார்பன் டை ஆக்சைடில் ஒரு பங்கு அதற்கும் போகிறது. பூமிக்கடியில் நிரந்தரமாகப் புதைக்கும் ஒவ்வொரு டன்னுக்கும் 85 டாலர் வரை வரிச்சலுகை என்று 2022 இல் சட்டம் வந்தது. எண்ணெய் எடுக்கப் பயன்படுத்தினால் அப்போது 60 டாலர். 2024 இல் ஆலைக்கு அருகிலேயே, ஆழத்தில் உப்புநீர் நிறைந்த மணற்கல் அடுக்குக்குள் வாயுவைச் செலுத்தத் தொடங்கினார்கள். உறிஞ்சு கோபுரம் பழையது, உள்ளே இறங்குவது அதே குளிர்ந்த மெத்தனால். கட்டிக் கரியின் கார்பன் பூமிக்குள் இறங்க இப்போது இரண்டு வழி: ஒன்று வடக்கே வேய்பர்னுக்கு, இன்னொன்று ஆலையின் காலடிக்குக் கீழே. பொடிக் கரியின் புகை மட்டும் முன்பு போலவே ஒரு பார் அழுத்தத்தில் மேலே போய்க்கொண்டிருக்கிறது.